வயிற்றில் கதவு வைத்த கடற்பசு

ஓய்வுபெற்றவன் எழுதும் கட்டுரை என்றால் எழுதுபவனுக்குக் காதோரத்திலாவது நரை இருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை. முப்பத்திரண்டு வயதில் சுயவிருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

என்னை எழுதத் தூண்டியவர்கள் புத்தளத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பதாகைக் கடைப் பையன்கள். பிளாஸ்டிக் துணியில், ஆளுயர எழுத்தில், நாம் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் அவர்களின் இயந்திரம் ஒரு கல்யாண வாழ்த்தைத் துப்பிவிடுகிறது. நான் கையால் போர்டு எழுதியவன் என்று கேள்விப்பட்டதும் கற்பிட்டிக் கோட்டைக்குள் தோண்டி எடுத்த பீங்கானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு போர்டுக்கு எத்தனை நாள் என்று கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன், முடிந்துபோன கல்யாணத்தின் பதாகையைச் சுருட்டி மூலையில் தள்ளிக்கொண்டே, "வேல முடிஞ்ச பொறகு ஒங்கட போர்டயெல்லாம் எங்க நாநா போடுவீங்க?" என்றான். அந்த ஒரு கேள்விக்குள் எனது பழைய மேலதிகாரி அந்தோனி சேர் முழுசாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பையன்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்கள் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

எனது ஊர் கண்டக்குழி. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். புத்தளத்து உப்பங்கழியான களப்பையும் கரையோரத்தையும் பாதுகாப்பதற்கென்று அப்போது ஒரு திட்டக் கந்தோர், அதாவது அலுவலகம், இருந்தது. அதன் காட்சிப் பிரிவில் தற்காலிகக் கலைஞன் என்று எனக்கு நியமனம் கிடைத்தது. கொழும்பில் சில மாதம் பயிற்சி தந்தார்கள். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்பதையும் பெரியவர்கள் வரும்போது எங்கே நிற்பது என்பதையும் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

புத்தளத்துப் பட்டறையில் இயங்கிய காட்சிப் பிரிவு என்பது மூன்று பேர். பொறுப்பதிகாரி அந்தோனி சேர், சிலாபத்துக்காரர், தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுபவர். தச்சர் வீரபத்திரன் அண்ணன், உடப்புக்காரர். மூன்றாவது நான்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே கடையில் ஒரு பெரிய ரெஜிபோம், அதாவது தெர்மோகோல், பலகை வாங்கி, பஸ்ஸில் எல்லாருடைய முகத்திலும் இடித்துக்கொண்டு, பெருமையோடு பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பஞ்சுபோல வெட்டலாம், தெப்பம்போல மிதக்கும், விலையும் குறைவு. சேர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். அவர் யாரையும் ஏசமாட்டார். கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

"தம்பி, இது செத்தா எங்க அடக்கம் பண்ணுவீங்க?"

"உசிரில்லாத சாமான்தானே சேர்."

"ஓம். அதாலதான் சாகவும் மாட்டேங்குது."

அதுதான் எங்கள் பிரிவின் சட்டம். ஒரு காட்சிப் பொருளைத் தொடங்குமுன் அதன் ஒவ்வொரு பகுதியும் கடைசியில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டும். கடதாசி உரமாகத் தென்னங்குழிக்குப் போகும். துணி துவைக்கப்பட்டு அடுத்த படத்துக்கு வரும். ஆணியைக் கழற்றி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, தகரப் பேணியில் போட வேண்டும். போகிற இடம் சொல்ல முடியாத பொருள் பட்டறைப் படி ஏறக்கூடாது. வீரபத்திரன் அண்ணன் இதற்கு அடக்கச் சட்டம் என்று பெயர் வைத்திருந்தார். "சேர், அடக்கம் முடிஞ்சு எட்டுச் செலவும் நாங்கதான் செய்யணுமா?" என்று கேட்பார். சேர் அதையும் யோசித்துப் பார்ப்பவர்போல முகத்தை வைத்துக்கொள்வார்.

பிரஷ் கழுவுவதற்கும் ஒரு முறை இருந்தது. மற்றப் பட்டறைகளில் தின்னரில் அலசி, அலசியதைச் சாக்கடைக் கானில் ஊற்றுவார்கள். கான் களப்புக்குப் போகும். களப்பைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிய பிரஷ்ஷின் அழுக்கே களப்புக்குப் போவதா என்பது சேரின் கேள்வி. அதனால் எங்களிடம் மூன்று பேணிகள். முதற்பேணியில் அழுக்கை விட வேண்டும். இரண்டாவதில் அலச வேண்டும். மூன்றாவதில் முகம் பார்க்கலாம், அந்த அளவுக்குத் தெளிவு. சனிக்கிழமை பேணிகளை ஆடாமல் வைத்தால் மறுவாரத்துக்குள் சாயம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பாவிப்போம். அடியில் தங்கிய சேறு போர்டுகளின் முதுகில் பூசுவதற்கு. எங்கள் போர்டுகளின் முதுகெல்லாம் ஒரே நிறம். அந்த நிறத்துக்கு எந்த மொழியிலும் பெயர் கிடையாது.

புத்தளம் ஊருக்குள் கழுதைகள் சுதந்திரமாகத் திரிவது எல்லாருக்கும் தெரியும். சேர் கோதுமை மாவில் காய்ச்சிய பசையால்தான் சுவரொட்டி ஒட்டச் சொல்வார். கழுதைகளுக்கு அது விருந்து. களப்போரத்து அலையாத்திக் கண்டல் மரங்களைக் காக்கும்படி எழுதி ஊரெல்லாம் ஒட்டிவிட்டு வந்தோம். மறுநாள் பார்த்தால், கழுதையின் வாய் எட்டாத உயரத்தில் ஒட்டியவை மட்டும் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் கடையில் இரசாயனப் பசை வாங்கியிருப்பார்கள். சேர் வேப்பிலையை அவித்து அந்தச் சாற்றிலேயே மாவைக் காய்ச்சினார். கழுதைகள் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தன. அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அது தேர்தல் காலம். ஒரு கட்சியின் ஆட்கள் இரகசியமாக வந்து பசையின் பக்குவம் கேட்டார்கள். சேர் சொல்லிக்கொடுத்தார். மற்றக் கட்சியின் ஆட்கள் அதைவிட இரகசியமாக வந்தார்கள். அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தேர்தலில் உண்மையாகத் தோற்றவை கழுதைகள்தான்.

இனி கடற்பசுவுக்கு வருகிறேன்.

கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் புதிய பணிப்பாளர் ஒருவர் வந்தார். அங்கே ஒரு கம்பனி ரெஜிபோமில் வெட்டி மினுமினுப்பாகப் பூசிய மீன்களைப் பார்த்து மயங்கிவிட்டார். கடதாசியும் பசையும் வைத்து விளையாட ஒரு பிரிவு எதற்கு என்று கேட்டார். சேர் கொழும்புக்குப் போய் வாதாடிவிட்டு வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கற்பிட்டியில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். பணிப்பாளர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் பிரிவு இருக்கும், நானும் அண்ணனும் நிரந்தரமாவோம். பிடிக்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு எல்லாவற்றையும் கம்பனியிடம் வாங்குவார்கள். அண்ணனுக்கு உடப்பில் மூன்று பிள்ளைகள். எனக்கு, நிரந்தரமானதும் பேசலாம் என்று வாப்பா தள்ளிவைத்திருந்த ஒரு கல்யாணம்.

சேர் கடற்பசுவைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் கரையில் அதைக் கடற்பன்றி என்பார்கள். போர்டில் கடற்பசு என்றே எழுதச் சொன்னார். மற்றப் பெயரை எழுதினால் பள்ளிவாசல் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

விலா எலும்புக்குக் கமுகஞ் சிலாகைகளை நெருப்பில் காட்டி வளைத்தோம். செட்டைக்குத் தென்னம்பாளை. அதன்மேல் பழைய பத்திரிகைகளை வேப்பம்பசையில் தோய்த்து, ஒரு படை காய்ந்த பிறகுதான் மறுபடை என்று ஒட்டிக்கொண்டே போனோம். அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். சாம்பல் நிறத்துக்குச் சிப்பிச் சுண்ணாம்பும் அரைத்த கரியும். மழைக்குத் தாங்க, தோணிக்குப் பூசுகிற மாதிரிக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். கண் வைத்த அன்று அண்ணன் இரண்டடி பின்வாங்கி நின்று, "இனி இதுக்குச் சோறு போட வேண்டியதுதான்" என்றார்.

லொறியில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் புறப்பட்டோம். வழியில் முதல் சோதனைச் சாவடி. யுத்தம் நடந்த அந்த நாட்களில் ஒரு மிட்டாய்ப் பெட்டியைக்கூடத் திறந்து காட்டாமல் கொண்டுபோக முடியாது. நாங்கள் கொண்டுபோனதோ ஒன்றரை ஆள் நீளத்தில், சாக்கு போர்த்திய ஒரு சாமான்.

ஓர் இளம் இராணுவச் சிப்பாய் சாக்கை விலக்கினான். "மொகக்த மே?" என்றான். என்ன இது என்று. சேர் சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் தோளில் கிடந்த துவக்கின் அடியால் தட்டினான். டொங் என்றது. உள்ளே வெறுமை. அந்தக் காலத்தில் வெறுமையாக இருக்கிற பொருள்தான் மிகவும் பயங்கரமான பொருள். பின்னால் நின்ற பஸ்ஸைத் தூரமாகப் போகச் சொன்னார்கள். வெட்டித் திறக்க வேண்டும் என்று சிப்பாய் கத்தியை எடுத்தான்.

சேர் அவனிடம், கத்தியால் கிழித்தால் ஓரம் பிய்ந்துவிடும், எங்கள் தச்சனிடம் சின்ன வாள் இருக்கிறது, அவனே வெட்டட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்று சொன்னார். பல் வைத்தியர் நோயாளியிடம் பேசுவதுபோல அமைதியாகச் சொன்னார். அண்ணன் வயிற்றில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தில் துணி ஒட்டிப் பிணைச்சலாக விட்டார். சிப்பாய் டோர்ச்சோடு தலையை உள்ளே விட்டான். உள்ளே ஒட்டியிருந்த பழைய பத்திரிகையில் கிரிக்கெட் செய்தி இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தது. "ஹரி, யன்ட," சரி, போங்கள் என்று கையைக் காட்டினான்.

அடுத்த சாவடியில் கேட்பதற்கு முன்னமே அண்ணன் குதித்து இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். "வாங்க மஹத்தயா, வந்து பாருங்க. வீடு காலிதான்." கற்பிட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் கதவுக்குச் சிரட்டையில் ஒரு கைப்பிடியும் வைத்துவிட்டார்.

கண்காட்சிக்கு நல்ல சனம். வாப்பா வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டாளிகளோடு வந்தார். கடற்பசுவைச் சுற்றி நின்று, இதன் இறைச்சி எத்தனை வீட்டுக்குப் பங்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வாப்பா, இதப் புடிக்கக்கூடாதுண்டு சொல்லத்தான் வச்சிரிக்கிறோம்."

"நான் எங்கடா புடிச்சன்? பாக்கத்தானே செய்யிறன்."

மைதானத்தில் குப்பைத்தொட்டி வைக்கவில்லை. குப்பையைக் கொண்டுவராதவனுக்குத் தொட்டி எதற்கு என்பது சேரின் கொள்கை. சனம் கொண்டுவந்தது. ஐஸ்பக்கட் உறை, பபிள்கம், கச்சான் கடலைச் சுருள். தொட்டியைத் தேடியவர்களின் கண்ணுக்குக் கைப்பிடி வைத்த ஒரு வயிறு தெரிந்தது. பணிப்பாளரும் அவரோடு வந்தவர்களும் மரத்தடியில் புரியாணிப் பார்சல் சாப்பிட்டார்கள். அவர்களின் உதவியாளர் மிகவும் ஒழுங்கான மனிதர். சோறு சுற்றிவந்த பொலித்தீன் லஞ்ச் சீட்டுகளையெல்லாம் மடித்துப் பையில் போட்டு, அந்தப் பையை அதே வயிற்றுக்குள் வைத்துக் கதவையும் மெதுவாகச் சாத்தினார். நாங்கள் மூவரும் அப்போது, சாப்பாட்டுக்குப் பிறகு பணிப்பாளர் வெட்ட வேண்டிய திறப்பு விழா ரிப்பனோடு போராடிக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்ட பிறகு பணிப்பாளர் சுற்றிப் பார்க்க வந்தார். கடற்பசுவின் முன் நின்றார். இது என்ன கதவு என்று கைப்பிடியை இழுத்தார்.

பொலித்தீன் மழைபோலக் கொட்டியது. அவருடைய சப்பாத்து மூடிவிட்டது.

நான் குப்பையை அள்ளக் குனிந்தேன். ஆனால் பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. அற்புதம் என்றார். கடல் விலங்குகளின் வயிற்றில் நாம்தான் குப்பையைக் கொட்டுகிறோம் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது என்றார். கொழும்புக் கம்பனிக்கு இந்த மூளை வராது என்றார். உதவியாளரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். அண்ணன் என் கையைக் கிள்ளினார். சேர் தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். நிரந்தரம். உடப்பில் மூன்று பிள்ளைகள், கண்டக்குழியில் ஒரு கல்யாணம். எல்லாம் அந்தக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேர் தலையை ஆட்டினார். ஆனால் பக்கவாட்டில்.

"இல்ல சேர். இத நாங்க வைக்கல்ல. ஆமி பாக்கிறதுக்குத்தான் கதவு போட்டோம். குப்ப சனம் போட்டது." குனிந்து மேலே கிடந்த பையை எடுத்தார். "இது உங்கட புரியாணி."

அவர் சிங்களத்தில்தான் சொன்னார். தமிழில் சொல்லியிருந்தாலாவது பணிப்பாளருக்குப் பாதி விளங்காமல் போயிருக்கும். உதவியாளர் கமராவை மெல்லக் கீழே இறக்கினார். பணிப்பாளர் சப்பாத்தைக் குப்பையிலிருந்து வெளியே எடுத்தார். சரி, இதையெல்லாம் இப்போது என்ன செய்வது என்று கேட்டார். இதை அடக்கம் பண்ண எங்களிடம் நிலம் இல்லை, பெரும்பாலும் கொழும்பிலிருந்து வந்த சாமான்தானே, கொழும்புக்கே போகட்டும் என்றார் சேர். ஒரு கோணிச் சாக்கில் கட்டி அவர்களின் ஜீப்பில் ஏற்றியவன் நான்தான். என் கையாலேயே என் வேலையை ஏற்றி அனுப்புவதுபோல இருந்தது. வீரபத்திரன் அண்ணன் அன்று முழுவதும் சேருடன் பேசவில்லை. கதவைத் தன் வாளால் திறந்த குற்றத்துக்காகத் தன்னோடும் பேசவில்லை.

அந்த ஜீப்பின் பயணத்தைச் சாரதி பின்பொருநாள் வந்து சொன்னார். ஒவ்வொரு சாவடியிலும் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்களாம். எங்களை மறித்த அதே இளம் சிப்பாய், சாக்கைத் தெருவில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, குப்பையை ஏன் மஹத்தயா கொழும்புக்குக் கொண்டுபோகிறீர்கள், அங்கே இல்லையா என்று கேட்டானாம். பணிப்பாளருக்கு முதலில் கோபம் வந்ததாம். பிறகு சாவடிக்குச் சாவடி விளக்கி விளக்கி, கடைசிச் சாவடியில் கடல் விலங்குகளின் வயிற்றைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டாராம். சிப்பாய்கள் சாக்கைத் தாங்களே கட்டிக்கொடுத்தார்களாம்.

அதன் பலனோ என்னவோ, பிரிவை உடனே மூடவில்லை. கற்பிட்டியிலேயே இன்னொரு கண்காட்சிக்கு ஒரே ஒரு தவணை தந்தார்கள். அதோடு ஒரு நிபந்தனை: இனிமேல் காட்சிப் பொருட்களில் கதவு, சாளரம் முதலிய எவ்வகைத் திறப்பும் வைத்தல் ஆகாது.

இந்த முறை ஆமை. அதே சிலாகை, அதே பசை. ஓட்டுக்கு, கழித்துப் போட்ட வலைத் துண்டுகளை ஒட்டி வரி எடுத்தோம். சாவடியில் அதே சிப்பாய். எங்களைக் கண்டதும் கூட்டாளியைக் கண்டதுபோலச் சிரித்தான். புத்தளத்து ஆட்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழும் பிடித்திருந்தான். ஆமையைச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான்.

"கதவு எங்க?"

சேர் கொழும்பு உத்தரவைச் சொன்னார். சிப்பாய் தன்னுடைய உத்தரவைச் சொன்னான்: உள்ளே வெறுமையாக உள்ள எதையும் பார்க்காமல் விடக்கூடாது. வெட்டினால் பணிப்பாளரின் உத்தரவு மீறப்படும். வெட்டாவிட்டால் இராணுவத்தின் உத்தரவு. சேர் இரண்டையும் மீறாத மனிதர். சிப்பாயும் அப்படிப்பட்டவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆமையை இறக்கி மணல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மேலதிகாரி வந்து பார்க்கும்வரை அது தடுத்து வைக்கப்படும் என்றார்கள். "ஆமையையும் உள்ள வச்சிட்டானுகள்" என்றார் அண்ணன். ஆனால் சிரிக்கவில்லை. உள்ளே வைக்கப்பட்ட எல்லாரும் திரும்பி வந்த காலமல்ல அது.

வெறும் போர்டுகளோடு கற்பிட்டிக்குப் போனோம். மைதானத்தில் இரண்டு ஆடுகளும் பள்ளிக்கூடக் காவல்காரரும் நின்றார்கள். சனம் வரவில்லை. பணிப்பாளரும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பிரிவு முடிந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சேர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, ஆமையையாவது பாத்திட்டு வருவம்" என்றார்.

லொறியைப் போர்டுகளோடு அங்கேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பிப் போனோம். சாவடிக்கு முன்னால் ஐந்தாறு பஸ்கள் வரிசையாக நின்றன. சோதனைக்காக இறங்கிய சனமெல்லாம் ஆமையைச் சுற்றி நின்றது. நடுவில் நமது சிப்பாய். தோளில் துவக்கு, கையில் ஒரு பொலித்தீன் பை. பாதி சிங்களம், பாதி தமிழில், "இது ஆமை தின்னும். மீன் எண்டு நினைச்சுத் தின்னும். தின்னா மௌத்து, செத்துப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு. வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, கையிலிருந்த பொலித்தீனைச் சாக்கில் போட்டுவிட்டு, வாழைப்பழத்தையும் பாண் ரொட்டியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். துவக்கு வைத்திருக்கிறவன் சொல்லும் விழிப்புணர்வை யார் மறுப்பது?

வரிசையில் பணிப்பாளரும் நின்றார். ஜீப்பைச் சோதிப்பதற்காக இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் மதியச் சாப்பாட்டுப் பார்சல். அவர் முறை வந்தது. சிப்பாய் பார்சலைப் பார்த்தான். பணிப்பாளர் உறையைக் கழற்றிச் சாக்கில் போட்டார். வாழையிலையில் கட்டிய சோறு உள்ளங்கையில் இருந்தது. அப்போதுதான் எங்களைக் கண்டார்.

"இந்த ஆள் உங்கட பிரிவா?" என்று சேரிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இல்ல சேர்."

இந்த முறையாவது ஓம் என்று சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பணிப்பாளர் சிரித்துவிட்டார். சோற்றுப் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு, சனம் ஏறி முடிந்து, அடுத்த பஸ் வந்து, அதன் சனமும் இறங்கும்வரை நின்று பார்த்தார். கற்பிட்டி மைதானத்துக்கு அவர் போகவே இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் நிரந்தர நியமனம் அந்த மாதமே வந்தது.

ஆமை மழைக்காலம் முடியும்வரை தடுப்பில் இருந்தது. மழை பெய்தால் சிப்பாய்கள் தங்கள் மழையங்கியைப் போர்த்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் கண்காட்சி என்று எதையும் தனியாக நடத்தவில்லை. உள்ளே வெறுமையாக, கதவு இல்லாமல், எதையாவது செய்து லொறியில் ஏற்றிக்கொண்டு சாவடிக்குப் போவோம். அவர்கள் உத்தரவின்படி தடுத்து வைத்துக்கொள்வார்கள். நாங்கள் உத்தரவின்படி திரும்பி வந்துவிடுவோம்.